நாற்காலியும் நெஞ்சுவலியும்: லண்டன் பஸ் தொழிலாளர்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

‘உட்காருவதுதான் புதிய புகைபிடித்தல்’ என்றொரு வாசகம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. மருத்துவமனை வரவேற்பறைச் சுவரில், ஞாயிறு இணைப்பில், உலக இதய நாள் ஊர்வல அட்டையில் எல்லாம் இதைப் பார்க்கலாம். தமிழில் அது ‘ரொம்ப நேரம் உட்கார்ந்தே இருக்காதீங்க, ஹார்ட்டுக்கு ஆகாது’ என்று பேச்சு வழக்காக இறங்கியிருக்கிறது. இந்த அறிவுரையின் இலக்கணத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இதில் உட்காருபவர் இருக்கிறார், உட்கார வைத்தவர் இல்லை. ஏதோ நாமெல்லாம் காலையில் எழுந்து ஆசை ஆசையாய் ஒரு நாற்காலியைத் தேர்ந்தெடுத்து அதில் பத்து மணி நேரம் பழியாய்க் கிடப்பதுபோல ஒரு தொனி.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது, யாருடைய உடம்புகளிலிருந்து எடுக்கப்பட்டது, வரும் வழியில் எவற்றையெல்லாம் உதறிவிட்டு வந்தது என்பதுதான் என் அக்கறை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மருத்துவ விஞ்ஞானத்தை மறுப்பது என் வேலையில்லை. எல்லாமே சொல்லாடல்தான் என்று கையை உதறிக்கொண்டு போகிறவர்களோடு எனக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. ரத்தக் குழாய் அடைத்தால் அடைத்ததுதான். ஆனால் எந்தக் குழாய் யாருக்கு எப்போது அடைக்கிறது என்று கணக்கெடுக்கப் போகிறபோது வரலாறு உள்ளே வந்துவிடுகிறது.

ஆதியிலிருந்து தொடங்குவதென்றால் 1700க்குப் போக வேண்டும். இத்தாலியின் மோதெனா நகரில் பேராசிரியராக இருந்த பெர்னார்தினோ ராமாஸ்ஸினி தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் வழக்கமான கேள்விகளோடு ‘நீ என்ன தொழில் செய்கிறாய்?’ என்பதையும் சேர்க்கச் சொன்னவர் அவர். நின்றே வேலை செய்வோருக்கு ஒரு அத்தியாயம், உட்கார்ந்தே வேலை செய்வோருக்கு ஒரு அத்தியாயம். தையற்காரரும் செருப்புத் தைப்பவரும் கூன் விழுந்து போவதை எழுதுகிறார். நிற்பவர்களுக்குக் காலில் நரம்பு சுருண்டு புண் வைப்பதை எழுதுகிறார். உட்காருபவர்களுக்கு அவர் சொன்ன பரிகாரத்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: விடுமுறை நாளிலாவது உடம்பை அசையுங்கள், பல நாள் கேட்டை ஒரு நாளில் கொஞ்சமேனும் சரிக்கட்டுங்கள் என்கிறார். வேலை நாளைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்து ஒரு தாவு தாவி 1940. ஜெர்மன் விமானங்கள் லண்டனில் குண்டு பொழிந்த மாதங்கள். சுரங்க ரயில் நிலையங்களிலும் பதுங்கிடங்களிலும் மக்கள் இரவு முழுக்கச் சாய்வு நாற்காலிகளில் உட்கார்ந்தபடியே தூங்கினார்கள். அந்த நாற்காலியின் முன்பக்கக் கட்டை தொடையின் அடியை அழுத்தும். காலையில் எழுந்து நாலடி வைத்தவர்களில் சிலர் அப்படியே விழுந்து செத்தார்கள். பிணப் பரிசோதனை செய்த கீத் சிம்ப்சன், கால் நாளங்களில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறி அடைத்ததுதான் காரணம் என்று அதே ஆண்டு ‘லான்செட்’ இதழில் எழுதினார். உட்கார்ந்தவர்களைக் குறைசொல்லாமல் படுக்கைகளைக் கொடு என்றார். எனக்கு இந்தச் சின்னக் கதை மிகவும் பிடிக்கும். ஏனென்றால் அரசு குற்றவாளியாகப் பார்த்தது நாற்காலியைத்தான். பதுங்கிடங்களில் அடுக்குக் கட்டில்கள் வந்தன.

நம் விஷயத்துக்கு வருவோம். மாரடைப்புக்கும் உட்காருவதற்கும் உள்ள தொடர்பைக் கணக்கில் காட்டிய முதல் ஆள் ஜெரமி மாரிஸ். 1910இல் லிவர்பூலில் பிறந்து கிளாஸ்கோவில் வளர்ந்தவர். போலந்துப் பக்கமிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பம். சோஷலிஸ்ட். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பர்மாவிலும் இருந்தவர். சமூகக் கொள்கை அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ்ஸோடு சேர்ந்து, வேலையில்லாத் திண்டாட்டமும் வறுமையும் கீல்வாத இதய நோயை எப்படிக் கூட்டுகின்றன என்று 1940களிலேயே எழுதியவர். 1948இல் பிரிட்டனில் தேசிய சுகாதார சேவை தொடங்கிய அதே ஆண்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ‘சமூக மருத்துவப் பிரிவு’ ஒன்றை அமைத்தது. அதன் பொறுப்பு மாரிஸிடம் வந்தது.

மாரடைப்பு அப்போது புதிதாகப் பெருகிக்கொண்டிருந்த சாவு. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. கிழக்கு லண்டனில் ஏழைகள் பகுதியில் இருக்கும் லண்டன் மருத்துவமனையின் பிணப் பரிசோதனைப் பதிவேடுகளை 1907லிருந்து புரட்டிப் பார்த்தார் மாரிஸ். இதயக் குழாய்ச் சுவர்களில் கொழுப்புப் படிவது கூடவில்லை, ஆனால் மாரடைப்பால் சாவது மட்டும் கூடிக்கொண்டே போயிருந்தது. இதை 1951இல் எழுதினார். அப்படியானால் குழாயின் பழுதுக்கு அப்பால், வாழும் முறையில் ஏதோ மாறியிருக்கிறது. அது வேலையாக இருக்குமோ என்று அவர் யோசித்தார். உடம்புக்கு வெளியே, தொழிலில் காரணத்தைத் தேடப் போனது அன்றைய இதய மருத்துவத்துக்குப் பழக்கமில்லாத காரியம்.

ஒப்பிடுவதற்கு அவர் பிடித்தது லண்டன் பஸ். இரட்டை மாடி பஸ். ஒரே நிர்வாகம், ஒரே வண்டி, ஒரே பாதை, ஏறக்குறைய ஒரே வர்க்கம், ஒரே தொழிற்சங்கம். ஆனால் இரண்டு உடம்புகள். டிரைவர் வேலை நேரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்குகிறார். மாரிஸின் ஆட்கள் பஸ்ஸில் கூடவே போய் எண்ணினார்கள்: நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள். 35 வயது முதல் 64 வரையிலான சுமார் 31,000 ஆண் போக்குவரத்துத் தொழிலாளர்களின் 1949, 1950 ஆண்டுகளின் நோய்ப் பதிவுகள் எடுக்கப்பட்டன. மாரிஸோடு ஹெடி, போக்குவரத்து நிறுவன மருத்துவர் ரேஃபில் முதலியோர் சேர்ந்து 1953 நவம்பரில் ‘லான்செட்’டில் எழுதினார்கள். கண்டக்டர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் 1.9 பேருக்கு இதயக் குழாய் நோய், டிரைவர்களில் 2.7. வந்தவுடனே சாவதும் டிரைவர்களிடம்தான் அதிகம்.

ஒரு சந்தேகம் உடனே வரும். டிரைவருக்கு டென்ஷன் இருக்கிறதே, போக்குவரத்து நெரிசல் இருக்கிறதே, அதனால் இருக்கலாமே? மாரிஸுக்கும் அது வந்தது. ஆகவே தபால் இலாகாவுக்குப் போனார். நடந்தும் சைக்கிளிலும் தபால் கொடுக்கும் தபால்காரரை, உட்கார்ந்து வேலை செய்யும் டெலிபோன் ஆப்பரேட்டரோடும் குமாஸ்தாவோடும் ஒப்பிட்டார். அங்கேயும் அதே வரிசைதான் வந்தது. எண்ணிக்கை சொல்வதைவிட, சந்தேகம் வந்ததும் இன்னொரு தொழிற்களத்துக்குப் போய்ப் பார்த்தார் என்பது முக்கியம்.

இதில் ஒரு விடுபடலையும் சொல்ல வேண்டும். போர்க் காலத்தில் லண்டன் பஸ்களில் ஏராளமான பெண்கள் கண்டக்டர்களாக வேலை பார்த்தார்கள். போர் முடிந்த பின்னும் பெண் கண்டக்டர்கள் இருந்தார்கள். ஆய்வு ஆண்களை மட்டுமே எடுத்துக்கொண்டது. படியேறிய பெண்ணின் இதயம் என்ன ஆனது என்று அந்தத் தாளில் இல்லை. உட்காரும் உடம்பின் வரலாறு ஆணுடம்பின் வரலாறாகத்தான் தொடங்குகிறது.

1956இல் மாரிஸ் குழு ஒரு கட்டுரை போட்டது. தலைப்பே வேடிக்கையானது, ‘சீருடைகளின் நோய்ப்பரவலியல்’ என்று தமிழில் சொல்லலாம். நிறுவனம் தொழிலாளர்களுக்குக் கால்சட்டை தைத்துக் கொடுக்கும். தையல் பிரிவில் இடுப்பளவுப் பதிவேடு இருக்கும். அதைத் தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். டிரைவர்களின் இடுப்பு கண்டக்டர்களுடையதைவிடப் பெரிது. அதுவும் வேலைக்குச் சேர்ந்த இளம் வயதிலேயே பெரிது. சிக்கல் இதுதான்: வேலை உடம்பை அப்படி ஆக்கியதா, அல்லது அப்படிப்பட்ட உடம்புதான் அந்த வேலைக்குப் போனதா? மாரிஸ் தன்னுடைய முடிவையே தொந்தரவு செய்யும் கேள்வியைத் தானே அச்சில் ஏற்றினார். பிறகு ஒல்லி, நடுத்தரம், தொந்தி என்று பிரித்துப் பார்த்தபோதும் திடீர்ச் சாவு டிரைவர்களிடம்தான் கூடுதலாக இருந்தது. ஆனாலும் கேள்வி முழுதாய்த் தீர்ந்துவிடவில்லை.

இங்கே நான் நிறுத்துவது தையல் பிரிவின் பதிவேட்டில். ஃபூக்கோவை மேற்கோள் காட்டிக் காட்டி நாம் தேய்த்துவிட்டோம் என்பது தெரியும். இருந்தாலும் அவர் நினைவு வராமல் போகாது. ஆளை அளந்து சீருடை போட்டு வேலைக்கு நிறுத்துகிற அதே பதிவேடு, ஆளைக் காப்பாற்றும் அறிவாகவும் மாறுகிறது. அதிகாரத்தின் காகிதம்தான். அதை யார் கையில் எடுக்கிறார்கள் என்பதில் விஷயம் இருக்கிறது.

*

1953இன் கட்டுரையை நியாயமாக வாசித்தால் என்ன கேட்டிருக்க வேண்டும்? டிரைவரின் வேலை நாளை மாற்று என்று கேட்டிருக்க வேண்டும். ஷிப்டைச் சுருக்கு, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் வேலையை மாற்றி மாற்றிக் கொடு, ஓய்வு நேரத்தைக் கூட்டு. நடந்தது வேறு. வேலையில் உடலசைவு எப்படியும் மறைந்துகொண்டே போகும், அதைத் தடுக்க முடியாது, ஆகவே ஓய்வு நேரத்தில் அசைய வைக்கலாம் என்ற திசையில் ஆய்வே திரும்பியது. திருப்பியவர்களில் மாரிஸும் ஒருவர். 1960களில் அவர் குழு, நாள் முழுக்க மேஜையில் உட்கார்ந்திருக்கும் அரசு நிர்வாக அலுவலர்களை எடுத்துக்கொண்டது. வெள்ளி, சனி என்ன செய்தாய் என்று கேட்டு எழுதி வாங்கியது. ஓய்வு நேரத்தில் கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று 1973இல் வெளியிட்டது. அவரே ஹாம்ஸ்டெட் ஹீத் புல்வெளியில் மூச்சிரைக்க ஓடத் தொடங்கினார். அந்தக் காலத்தில் வயது வந்த ஆள் காரணமில்லாமல் தெருவில் ஓடினால் பைத்தியம் என்றுதான் பார்த்தார்கள்.

ராமாஸ்ஸினியின் விடுமுறை நாள் யோசனை திரும்பி வந்துவிட்டது பாருங்கள். மாரிஸுக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எண்ணமில்லை என்பது உண்மை. 1977இல் தொழிற்கட்சி அரசு அமைத்த, டக்ளஸ் பிளாக் தலைமையிலான குழுவில் அவரும் ஒருவர். வர்க்கத்துக்கு வர்க்கம் சாவு எப்படி வேறுபடுகிறது, சுகாதார சேவை வந்து முப்பதாண்டு ஆகியும் இடைவெளி ஏன் குறையவில்லை என்று அந்தக் குழு எழுதியது. வருமானம், வீடு, வேலை ஆகியவற்றை மாற்றச் சொன்னது. 1980இல் அறிக்கை வரும்போது தாட்சர் ஆட்சி. 260 பிரதிகள் மட்டும் எடுத்து, ஆகஸ்ட் நீள்விடுமுறைக்கு முன்னால் சத்தமில்லாமல் வெளியிட்டார்கள். மாரிஸின் ‘ஓடு’ என்ற பாதியை உலகம் எடுத்துக்கொண்டது. ‘கூலியைக் கூட்டு’ என்ற பாதி 260 பிரதியில் நின்றது. அதே 1980இல் அமெரிக்கரான ராபர்ட் க்ராஃபோர்ட் ‘ஆரோக்கியவாதம்’ என்ற சொல்லை விமர்சனமாகப் பயன்படுத்தி எழுதினார்: நோய்க்கும் நலத்துக்கும் தனிமனிதன் மேல் மட்டுமே பொறுப்பைச் சுமத்துகிற பார்வை. இரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.

அந்த லண்டன் கண்டக்டர் என்ன ஆனார்? டிரைவரே டிக்கெட்டும் கொடுக்கும் ஓராள் பஸ்கள் 1960களின் பிற்பகுதியிலிருந்து பரவின. பின்பக்கம் திறந்த ரூட்மாஸ்டர் பஸ், கண்டக்டரோடு வழக்கமான வழித்தடத்தில் கடைசியாக ஓடியது 2005 டிசம்பர் 9. மாரிஸ் அப்போது உயிரோடுதான் இருந்தார். 2009இல் தன் 99ஆம் வயதில் இறந்தார். இரண்டு உடம்புகளில் எது நன்றாயிருக்கிறது என்று விஞ்ஞானம் சொன்னது. நிர்வாகம் அந்த உடம்பின் வேலையை ஒழித்துவிட்டு, மற்ற உடம்பை மட்டும் வைத்துக்கொண்டது. கணக்குப் புத்தகத்தில் இது சிக்கனம்.

இன்னொரு ஆய்வையும் இங்கே பக்கத்தில் வைக்க வேண்டும். 1967இல் தொடங்கிய ‘வைட்ஹால்’ ஆய்வு. லண்டனில் வேலை பார்த்த ஆண் அரசு ஊழியர்கள் பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரை எடுத்துக்கொண்டது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உயர் அதிகாரிக்கு மாரடைப்பு அதிகமா, கோப்பு சுமந்து நடக்கும் கடைநிலைச் சேவகருக்கு அதிகமா? உட்காருதல்தான் எமன் என்றால் அதிகாரிதான் முதலில் போக வேண்டும். ஆனால் மைக்கேல் மார்மட் குழு 1978இல் காட்டியது நேர் எதிர்: இதயக் குழாய் நோயால் சாவது கடைநிலையில் உச்சத்தைப்போல 3.6 மடங்கு. பீடி சிகரெட், ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசத்தின் ஒரு பகுதிதான் விளங்கியது. அதே பரம்பரையில் வந்த இரண்டாம் வைட்ஹால் ஆய்வின் ஆட்களைப் பதினாறு ஆண்டு பின்தொடர்ந்து 2015இல் வெளியான ஒரு கட்டுரை, உட்காரும் நேரத்துக்கும் சாவுக்கும் தொடர்பே தெரியவில்லை என்றது.

அப்படியானால் உட்காருவது கெடுதல் இல்லையா? கெடுதல்தான். உட்கார்ந்திருக்கும்போது உடம்பின் பெரிய தசைகளான தொடை, கெண்டைக்கால் தசைகள் வேலையற்றுக் கிடக்கின்றன. ரத்தத்தில் உள்ள கொழுப்பைப் பிடித்து எரிக்க உதவும் லிப்போபுரோட்டீன் லைபேஸ் என்னும் நொதியின் வேலை, அசையாத தசையில் சடாரென்று விழுந்துவிடுவதை மார்க் ஹாமில்டன் குழுவினர் எலிகளில் காட்டினார்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் டன்ஸ்டன் குழுவினர், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடந்தால் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது என்று 2012இல் காட்டினார்கள். கனடாவில் பதினேழாயிரம் பேரைப் பன்னிரண்டு ஆண்டு பின்தொடர்ந்த 2009ஆம் ஆண்டுக் கட்டுரை, உட்காரும் நேரம் கூடக்கூடச் சாவும் கூடுவதைச் சொன்னது. பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் கணக்குகளை ஒன்றுசேர்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வில், நாளுக்கு 60 முதல் 75 நிமிடம் மிதமாக உடம்பை உழைக்கச் செய்கிறவர்களுக்கு, எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் அந்தக் கூடுதல் ஆபத்து காணவில்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனம் உட்கார்ந்திருக்கும் நேரத்தைக் குறைக்கச் சொன்னபோது, எத்தனை மணி என்று எண் எதையும் போடவில்லை. போடுவதற்குச் சான்று போதாது என்று நேர்மையாகச் சொன்னது. சிகரெட்டோடு ஒப்பிடுவதோ கொஞ்சமும் பொருந்தாது. புகைபிடித்தல் அகாலச் சாவின் ஆபத்தை ஏறக்குறைய 180 சதவீதம் கூட்டுகிறது, மிகையாக உட்காருதல் 10 முதல் 20 சதவீதம் என்று 2018இல் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஆனால் கோஷம் ஓய்ந்தபாடில்லை. நின்றுகொண்டு வேலை செய்யும் மேஜைகள் நன்றாகவே விற்றன.

நாற்காலியைப் பற்றி ஒரு இடைச்செருகல். தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். அவர்களும் பகலில் பத்து மணி நேரத்துக்கு நெருக்கமாக அசையாமல்தான் இருக்கிறார்கள் என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. நம் ஐ.டி. ஊழியர் அளவுக்கு! ஆனால் அதில் பெரும்பங்கு நாற்காலி இல்லாத இருப்பு. குந்தியிருக்கிறார்கள், மண்டியிட்டிருக்கிறார்கள். குந்தும்போது கால் தசை சும்மா இருப்பதில்லை. ஆக ‘உட்காருதல்’ என்று ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் போட்டு மூடுவதே தவறு.

நம் மொழிக்கு இது முன்பே தெரியும். ராஜா வீற்றிருப்பார். அதிகாரி அமர்வார். நாம் உட்காருவோம். களத்துமேட்டில் கூலிக்காரர் குந்துவார். ‘இரு’ என்றாலே போதும், இருப்பதும் உட்காருவதும் ஒன்றுதான். இருப்பு மறுக்கப்பட்டவனுக்கு இருக்கையும் மறுக்கப்பட்டது என்று சொன்னால் வார்த்தை விளையாட்டு என்பீர்கள். கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர் 2020 ஜூலையில் நடந்த கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். மற்றவர்களுக்கு நாற்காலி. அக்டோபரில் அந்தப் படம் வெளியே வந்தபிறகுதான் வழக்குப் பதிவானது. நாற்காலியில் உட்காருவது இதயத்துக்குக் கேடு என்ற வாசகத்தை அந்தப் படத்துக்குக் கீழே ஒட்டிப் பாருங்கள். பொதுவான உடம்பு, பொதுவான நாற்காலி, பொதுவான எச்சரிக்கை என்று எதுவும் இந்த ஊரில் இல்லை.

மாரிஸின் ஒப்பீட்டை அப்படியே மெட்ராஸ் பஸ்ஸுக்குக் கொண்டுவரவும் முடியாது. இங்கே கூட்ட நேரத்தில் கண்டக்டர் பின்வாசல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறார். காசு பத்துக் கை மாறிப் போகிறது, டிக்கெட் பத்துக் கை மாறி வருகிறது. ‘கொஞ்சம் பாஸ் பண்ணுங்க’ என்பது இந்த நகரத்தின் வேத வாக்கியம். மாடியும் இல்லை, ஏறுவதற்குப் படியும் இல்லை. படியில் தொங்குவது பயணிகள்தான். தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில், பதினாலாயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2014இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, பாதிக்கு மேற்பட்டோர் உடலசைவு குறைந்தவர்கள் என்றது. செய்தித்தாள்கள் அந்த எண்ணைத்தான் பெரிதாகப் போட்டன. அதே ஆய்வில் பொழுதுபோக்காக உடற்பயிற்சி செய்கிறவர்கள் பத்து சதவீதத்துக்கும் குறைவு என்று இருக்கிறது. அதாவது இங்கே அசைகிறவர் என்பவர் பெரும்பாலும் வேலை செய்கிறவர். வேலையின் அசைவு ஜிம் அசைவைப்போல் இதயத்தைக் காப்பதில்லை, சில சமயம் கெடுக்கவும் செய்கிறது என்பதை டென்மார்க்கைச் சேர்ந்த ஆந்திரயாஸ் ஹோல்டர்மன் போன்றோர் எழுதிவருகிறார்கள். ஓய்வில்லாமல், தன் விருப்பத்துக்கு நிறுத்த முடியாமல், நாள்முழுக்கச் சுமக்கிற உடம்பு வேறு. மாலையில் அரைமணி நேரம் ஓடிவிட்டு வந்து குளிக்கிற உடம்பு வேறு.

இந்த இடத்தில்தான் நின்றே சாகிறவர்கள் வருகிறார்கள். கனடாவின் ஒண்டாரியோவில் ஏழாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களைப் பன்னிரண்டு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். பெரும்பாலும் நின்றே வேலை செய்கிறவர்களுக்கு, பெரும்பாலும் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களைவிட இதய நோய் ஏறக்குறைய இரு மடங்கு. 2017இல் வெளியானது. ரத்தம் காலில் தேங்குகிறது, நாளங்களில் அழுத்தம் கூடுகிறது, இதயம் அதை மேலே தூக்கப் பாடுபடுகிறது. ஆனால் இதற்குக் கோஷம் ஒன்றும் பிறக்கவில்லை. ‘நிற்பதுதான் புதிய புகைபிடித்தல்’ என்று எந்த மருத்துவமனைச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. நிற்பவர்கள் அந்த மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இல்லை என்பதால் இருக்கலாம்.

நிற்பவர்களுக்குச் சட்டத்தின் வரலாறு தனி. பிரிட்டனில் 1899இல் ஒரு சட்டம்: கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கை. பெண்களுக்கு மட்டும்தான். இந்தியாவில் 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், அதன் 44ஆவது பிரிவில், நின்று வேலை செய்வோர் இடையில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார வசதி செய்யச் சொன்னது. அதற்கு ஓராண்டு முன் வந்த மெட்ராஸ் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. தொழிற்சாலையில் நிற்பது வேலை, கடையில் நிற்பது மரியாதை என்று நினைத்தார்கள் போலும். ரங்கநாதன் தெருவின் ஜவுளிக்கடைகளில் நிற்கும் பையன்களையும் பெண்களையும் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ 2010இல் திரையில் காட்டியது. படம் பார்த்து அழுதோம். அடுத்த தீபாவளிக்கு அங்கேயே துணி எடுத்தோம்.

கேரளத்தில்தான் அது இயக்கமானது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜியும் அவரோடு சேர்ந்த கடைப் பெண்களும் முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு ‘பெண்கூட்டு’ என்று அமைப்பாகி, உட்காரும் உரிமையைக் கேட்டார்கள். 2018இல் கேரள அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் சட்டத் திருத்தத்தை முன்வைத்தார். 22-அ என்று ஒரு புதிய பிரிவு. கடைகளில் எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வேண்டும், வேலையின் ஊடே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பை அவர்கள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறது. வாசகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, 1948இன் 44ஆவது பிரிவு எழுபத்து மூன்று ஆண்டு கழித்து கடைக்குள் நுழைந்திருக்கிறது. நுழையும்போது அதன் பழைய சிக்கலையும் கூடவே கொண்டுவந்திருக்கிறது. இருக்கை உண்டு, நேரம் இல்லை. ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்றால் எப்போது? வாய்ப்பைத் தீர்மானிப்பது யார்?

சட்டம் வந்து சில மாதம் கழித்து, பெயர் வேண்டாம், ஒரு பெரிய ஜவுளிக்கடையின் மூன்றாவது மாடியில் சேலைப் பிரிவில் நின்ற பெண்ணிடம் கேட்டேன். பெயரையும் ஊரையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஸ்டூல் போட்டிருக்காங்களா?

“போட்டிருக்காங்க சார். அதோ, அந்தத் தூணுக்குப் பின்னாடி நாலு இருக்கு.”

உட்காருவீங்களா?

“கஸ்டமர் இல்லாதப்ப உட்காரலாம்னு சொல்லியிருக்காங்க. ஆனா கஸ்டமர் இல்லாதப்ப சேலையை மடிச்சு அடுக்கணும். அதை உட்கார்ந்துக்கிட்டு செய்ய முடியாதில்லங்களா?”

சொல்லிக்கொண்டே மேலே கண்ணைக் காட்டினார். கூரையில் கேமரா. பேச்சைக் கண்டதும் சூப்பர்வைசர் வந்து என்ன கலர் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். உட்காருங்க சார் என்று எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.